டாஷ்போர்டின் முதுகு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பிப்ரவரி மாத நண்பகலில், கூரை மூடிய என் காரைக் கடற்கரையோரம் மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். பதினான்கு மாதங்களுக்கு முன்பு நானே வெனீர் என்னும் மெல்லிய மரத்தாளை ஒட்டி, எட்டுப் பூச்சு வார்னிஷ் அடித்து, முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றியிருந்த டாஷ்போர்டின் நடுவில் மூன்று கொப்புளங்கள் எழும்பியிருந்தன. வேகமானி பொருந்தியிருக்கும் வட்டத்தின் கீழ் ஓரத்தில் வெனீர் பலகையை விட்டு நகக்கண் அளவுக்குப் பிரிந்து நின்றது. விரலால் அழுத்தினேன், படிந்தது, விரலை எடுத்ததும் மீண்டும் எழுந்தது. அன்று அந்த வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்த நாற்பது நிமிடமும் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வண்டி 1974ஆம் ஆண்டின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உடலும் 1296 சிசி எஞ்சினும் இரண்டே இருக்கைகளும் கொண்ட, இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட கார் அது. மார்க் 4 வகையில் முதலில் கறுப்பாக இருந்த டாஷ்போர்டு, 1973 வாக்கில் வால்நட் வெனீர் ஒட்டிய மரப்பலகையாக மாறியது. என் வண்டி அந்த மரப்பலகையுடன் வந்தது. எனக்கு முன்பு அதை வைத்திருந்தவர் புளஃப் பகுதியில், கடலைப் பார்த்த மேட்டில் குடியிருந்தார். உப்புக் காற்றும் ஈரமும் வெயிலும் அந்தப் பலகையை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தின்றிருந்தன. வார்னிஷ் மஞ்சளாகிப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கீழ் மூலைகள் இரண்டும் கறுத்திருந்தன.

முதல் முறை நான் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகையைக் கழற்றினேன், பழைய வெனீரைச் சுரண்டினேன், கடையில் கிடைத்த ரப்பர் பசையை இரு பக்கமும் தடவி, புதிய வால்நட் வெனீரை ஒட்டினேன், முன்பக்கம் முழுவதும் வார்னிஷ் அடித்தேன், மாட்டினேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்குக்குப் போகும் பழைய மலைச்சாலையில், ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கை ஒட்டிக் கூரையைத் திறந்து ஓட்டிச் சென்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பலகை எனக்குக் கொடுத்த மகிழ்ச்சி பெரியது. ஆனால் அது பதினான்கு மாதத்துக்குத்தான் நீடித்தது.

கொப்புளம் எழுந்த வாரம் என் தந்தையாரை வண்டியருகே அழைத்து வந்து காட்டினேன். அவர் கிளேர்வுட்டில் பதினாறு வயதில் தச்சுப் பட்டறைக்குப் போனவர். பிறகு குடும்பம் சாட்ஸ்வர்த்துக்கு இடம் மாற்றப்பட்டபோது வீட்டின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அலமாரியும் கட்டிலும் கண்ணாடி மேசையும் செய்தவர். அப்போது அவருக்கு எண்பத்து நான்கு வயது. கொப்புளத்தை அவர் நெடுநேரம் பார்க்கவில்லை. பலகையின் அடியில் கையை நுழைத்து, பின்பக்கத்தைத் தடவினார். கையை வெளியே எடுத்து, விரலில் ஒட்டியிருந்த ஈரத் தூளை எனக்குக் காட்டினார்.

"முன்னாடி எத்தனை கோட் அடிச்சே?"

"எட்டுப்பா."

"பின்னாடி?"

பின்பக்கம் ஒரு பூச்சும் அடிக்கவில்லை. மானிகளுக்கான வட்டத் துளைகளின் உள்விளிம்புகளையும் நான் தொடவில்லை. பழைய பலகையிலும் பின்பக்கம் வெறும் மரமாகவே இருந்ததால், அதுவே முறை என்று நினைத்திருந்தேன்.

அன்று மாலை அவர் விளக்கியதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன். மரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். இரு பக்கமும் ஒரே அளவில் இழுத்தால் பலகை நேராக இருக்கும். ஒரு பக்கத்தை வார்னிஷால் முழுதாக அடைத்துவிட்டு மறு பக்கத்தைத் திறந்து விட்டால், திறந்த பக்கம் மட்டும் உப்பிச் சுருங்கிக்கொண்டே இருக்கும். அந்த இழுபறியை மறு பக்கத்திலுள்ள வெனீர் தாங்க வேண்டியிருக்கும். ஒட்டுப்பலகையின் அடுக்குகள் வெட்டுப்பட்டுத் தெரியும் துளை விளிம்புகளும் கீழ் ஓரமும்தான் ஈரம் மிக வேகமாக நுழையும் வாசல்கள். என் டாஷ்போர்டு கெட்டது முன்னாலிருந்து அல்ல, பின்னாலிருந்து. நடுவில் எழுந்த கொப்புளங்களுக்கு மட்டும் வேறு காரணம்: ரப்பர் பசை இறுகிக் கல்லாவதில்லை, வெயிலில் சூடேறும்போது இளகும். கண்ணாடியின் அடியில் இருக்கும் பலகை டர்பன் கோடையில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். ஆகவே நடுவில் கொப்புளம் என்றால் பசையைச் சந்தேகிக்க வேண்டும். விளிம்பு பிரிந்தால் ஈரத்தைத் தேட வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை முன்பே அறிந்திருந்தால் ஒரு வருட உழைப்பு மிஞ்சியிருக்கும்.

எனவே இரண்டாம் முறை, பலகையில் கை வைப்பதற்கு முன்பு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். என் மனைவி தோட்டத்துக் குழாயால் முன்கண்ணாடியின் மேல் மெதுவாகத் தண்ணீர் விட, நான் உள்ளே தரையில் மல்லாந்து படுத்து, டாஷ்போர்டின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறாவது நிமிடத்தில் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலையிலிருந்து ஒரு துளி புறப்பட்டு, கம்பிக் கட்டின் மேல் ஊர்ந்து, பலகையின் பின்பக்கத்தில் விழுந்தது. அந்த ரப்பரை மாற்றிய பிறகுதான் மற்ற வேலை தொடங்கியது. டாஷ்போர்டைப் புதுப்பிக்க நினைப்பவர் எவரும் இந்தக் குழாய்ச் சோதனையை விட்டுவிடக் கூடாது. அரை மணி நேரம்தான் ஆகும்.

கழற்றுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் பயப்படுவது மரத்துக்கு அல்ல, பின்னாலிருக்கும் கம்பிகளுக்கு. முதல் வேலை பேட்டரியின் இணைப்பை நீக்குவது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் போதும் என்று எண்ணக் கூடாது. அக்காலத்து ஆங்கிலேயக் கார்களில், மின்சாதனங்கள் செய்த லூக்காஸ் நிறுவனத்தின் கம்பி நிறங்கள் ஓர் ஒழுங்கில் அமைந்தவை. பழுப்பு நிறக் கம்பியில் சாவி இல்லாவிட்டாலும் எப்போதும் மின்சாரம் இருக்கும். வெள்ளைக் கம்பி சாவியைத் திருப்பிய பிறகு உயிர் பெறும். பச்சை, ஃபியூஸ் வழியாக வரும் வெள்ளையின் தொடர்ச்சி. சிவப்பு சிறு விளக்குகளுக்கு, நீலம் பெரிய விளக்குகளுக்கு, கறுப்பு எப்போதும் எர்த். பச்சையில் கறுப்புக் கோடு ஓடினால் எரிபொருள் மானி, நீலக் கோடு ஓடினால் வெப்பமானி. சிவப்புக் கோடு இடது பக்கத் திருப்ப விளக்கு, வெள்ளைக் கோடு வலது. இதை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு அந்தக் கம்பிக் காடு ஒரு வாரத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் புத்தகமாகிவிடும்.

ஆயினும் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் யாரோ ஒருவர் ரேடியோவுக்காகவோ பனி விளக்குக்காகவோ கையில் கிடைத்த கம்பியை நுழைத்திருப்பார். என் வண்டியில் வெள்ளைக் கம்பி ஒன்று எங்கும் போகாமல் முனை திறந்து தொங்கியது. ஒவ்வொரு இணைப்பையும் பிரிப்பதற்கு முன்பு கைப்பேசியில் இரண்டு படங்கள் எடுத்தேன்: ஒன்று தொலைவிலிருந்து, ஒன்று அருகிலிருந்து. முதல் முறை காகித நாடாவில் பேனாவால் எழுதி ஒட்டியது டர்பன் ஈரத்தில் கரைந்து போனது. இரண்டாம் முறை துணித் துண்டுகளில் பென்சிலால் எண் எழுதி நூலால் கட்டினேன். வேகமானியின் பின்னால் இருக்கும் கேபிளின் நட்டைக் கையாலேயே திருகிக் கழற்ற வேண்டும். இடுக்கியால் பிடித்தால் அதன் வரிப்பற்கள் நசுங்கிவிடும். பயணத் தொலைவைப் பூச்சியமாக்கும் குமிழின் மெல்லிய கேபிளை மறந்துவிட்டுப் பலகையை இழுப்பவர்கள் உண்டு. நானும் முதல் முறை அப்படித்தான் இழுத்தேன். அது வளைந்து போனது. பலகை வெளியே வரும்போது ஸ்டியரிங் சக்கரத்தில் உரசாமலிருக்க, சக்கரத்தின் மேல் தடித்த துண்டைச் சுற்றி வைத்தேன். ஓரத்துத் திருகாணிகள் ஒவ்வொன்றையும் அது வந்த துளையின் வரைபடத்தில், அட்டையில் குத்தி வைத்தேன்.

வெளியே எடுத்து மேசையில் கவிழ்த்தபோது கீழ் வலது மூலையில் ஒட்டுப்பலகையின் அடுக்குகள் பழைய புத்தகத்தின் தாள்களைப்போல் விரிந்திருந்தன. அதைப் பசை ஊற்றி இறுக்கலாம் என்று நான் சொன்னேன். தந்தையார் திருப்புளியின் முனையால் குத்தினார். அது எதிர்ப்பில்லாமல் உள்ளே போனது. "இது செத்த மரம்" என்றார். அத்துடன் பழைய பலகை வார்ப்புருவாக மட்டும் ஆயிற்று. படகு கட்டுவோர் வாங்கும் கடல் தர ஒட்டுப்பலகையில், அதே கனத்தில், பழைய பலகையை மேலே வைத்துக் கோடிழுத்துப் புதியதை அறுத்தோம். கனம் மாறக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன்: ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் மானிகளைப் பின்னாலிருந்து இறுக்கும் பிடிகள் எட்டாது, சுவிட்சுகள் சொருகாது.

வெனீர் எது என்பதில் எங்களுக்குள் இரண்டு நாள் பேச்சு நடந்தது. டிரையம்ப் வைத்தது வால்நட். அசல் தன்மையைக் காக்க விரும்புபவர் வால்நட்டையே தேட வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தந்தையாரின் கொட்டகைப் பரணில், இம்புயா வெனீர் ஒரு கட்டு, செய்தித்தாளில் சுற்றியபடி கிடந்தது. பிரேசிலிலிருந்து வரும் மரம் அது; அங்கே அதைப் பிரேசில் வால்நட் என்றும் சொல்வார்கள், ஆனால் வால்நட் இனம் அல்ல. தென்னாப்பிரிக்காவில் ஒரு தலைமுறை முழுவதும் அதில்தான் படுக்கையறைச் சாமான் வாங்கியது. இந்த நாட்டுக் காடுகளில் வளர்ந்து, இன்று சட்டத்தால் பாதுகாக்கப்படும் ஸ்டிங்க்வுட் மரத்துக்கு அது உறவு. பழுப்பில் கருங்கோடுகள் சுழித்தோடும் அந்த ரேகையைக் கொட்டகைக் கதவருகே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் என் பேச்சு நின்றுவிட்டது. அந்த வண்டி இந்த ஊர் வெயிலில்தான் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்திருக்கிறது. அதன் முகத்தில் இந்த ஊர் வீடுகளின் மரம் இருப்பது பொருத்தமே என்று இன்றும் நினைக்கிறேன்.

பசையைப் பொறுத்தவரை, வாழ்நாள் முழுவதும் வஜ்ஜிரம் என்னும் விலங்குத் தோல் பசையைக் காய்ச்சி ஒட்டியவரான தந்தையாரே காருக்கு அது ஆகாது என்றார். சூட்டிலும் ஈரத்திலும் அது இளகும். தண்ணீரில் குழைக்கும் யூரியா ஃபார்மால்டிஹைட் பொடிப் பசையைப் பயன்படுத்தினோம். அது இறுகிய பின் வெயிலில் நகராது. முன்பக்கத்துக்கு இம்புயா ஒட்டிய அதே நேரத்தில் பின்பக்கத்துக்கும், பார்வைக்கு எளிய வேறொரு வெனீரை ஒட்டினோம். இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. ஒரு பக்கம் மட்டும் வெனீர் ஒட்டினால், பசை காயும்போதே பலகை அந்தப் பக்கம் வளைந்துவிடும். இரண்டு தடித்த பலகைகளுக்கு நடுவே, பசை ஒட்டிக்கொள்ளாதபடி பிளாஸ்டிக் தாள் விரித்து, டாஷ்போர்டை வைத்தோம். மேலே குறுக்கே வைத்த மூன்று கட்டைகளின் அடிப்பக்கத்தை இழைப்புளியால் மெல்ல வில்போல் சீவியிருந்தார். இரு முனைகளிலும் கிளாம்ப் இறுகும்போது கட்டையின் நடு முதலில் அழுத்தி, பசையை உள்ளிருந்து ஓரத்துக்குத் தள்ளியது. நேரான கட்டையால் அழுத்தினால் ஓரங்கள் முதலில் அடைபட்டு, நடுவில் பசை குளமாகத் தங்கிவிடும். ஒரு நாள் முழுவதும் அப்படியே விட்டோம்.

துளைகளைத் திறப்பதில் அவசரம் கூடாது. வெனீரின் மேல் நாடா ஒட்டி, துளையின் நடுவில் குத்தி, புதுப் பிளேடால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் கதிர்களாகக் கீறி, மிஞ்சியதை விளிம்பை ஒட்டி வெட்டினேன். பிறகு குழாய் ஒன்றில் உப்புத்தாளைச் சுற்றி, முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக மட்டும் தேய்த்தேன். எதிர்த்திசையில் ஓர் இழுப்பு இழுத்தாலும் வெனீரின் விளிம்பு பெயர்ந்து வரும். வெனீரின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை என்பதால் மேற்பரப்பைத் தேய்க்க மின் எந்திரம் எதுவும் வேண்டாம்; 240 எண் உப்புத்தாளில் தொடங்கி, கட்டையில் சுற்றி, ரேகையின் போக்கிலேயே தேய்த்து 320இல் நிறுத்தினேன்.

வார்னிஷ் அடிக்க ஜூலை வரை காத்திருந்தேன். டர்பனில் குளிர்காலம்தான் உலர்ந்த காலம். கோடையில் அடித்த பூச்சு ஈரக் காற்றில் பால் படிந்தது போல் வெளுக்கும், காய்வதற்கும் இரட்டை நேரம் எடுக்கும். குளிர்காலத்திலும் காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு வரைதான் அடித்தேன்; மாலைப் பனி இறங்கும் முன் மேல்தோல் காய்ந்திருக்க வேண்டும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படகு வார்னிஷைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு பாகம் கலந்து தெளிக்கும் பாலியூரிதேன் இன்னும் கடினமானதுதான், ஆனால் அதில் ஐசோசயனேட் உண்டு. அது நுரையீரலைக் கெடுக்கும். உரிய காற்றுக் கவசமும் தெளிப்பறையும் இல்லாத வீட்டில் எவரும் அதைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதல் பூச்சை டர்பன்டைனில் பாதிக்குப் பாதி கலந்து, மரம் குடிக்கும்வரை கொடுத்தேன். அதை முதலில் கொடுத்தது முன்பக்கத்துக்கு அல்ல. துளைகளின் உள்விளிம்புகளுக்கும் கீழ் ஓரத்துக்கும் திருகாணித் துளைகளுக்கும், பிறகு பின்பக்கத்துக்கும். பின்பக்கம் நான்கு பூச்சு, விளிம்புகள் மூன்று, முன்பக்கம் ஏழு. ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாள் விட்டு, 400 எண் தாளால் ஈரமாகத் தேய்த்து, துடைத்து, அடுத்ததை அடித்தேன். விளிம்புகளில் பூச்சு தடிக்கத் தடிக்கத் துளை சிறுக்கும் என்பதால் ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் மானியை நுழைத்துப் பார்த்தேன். முடிந்த பிறகு மூன்று வாரம் தொடாமல் விட்டு, நுண்மையான தாளால் தேய்த்துப் பளபளப்பைக் குறைத்தேன். முதல் முறையில் கொடுத்த கண்ணாடி மெருகு மதிய வெயிலை என் கண்ணில் அடித்தது, இரவில் முன்கண்ணாடியில் பிரதிபலித்தது. அடங்கிய மெருகுதான் ஓட்டுபவனுக்கு நல்லது.

திரும்ப மாட்டும்போது ஒரு தவறு நேர்ந்தது. அதுவும் பின்பக்கத்துத் தவறுதான். சாவியைத் திருப்பியதும் எரிபொருள் மானி முழு அளவையும் தாண்டி நின்றது, பாதித் தொட்டிதான் இருந்தபோதும். எஞ்சின் சூடேறியதும் வெப்பமானி சிவப்பை நோக்கி ஏறியது. ரேடியேட்டரோ சாதாரணச் சூட்டில் இருந்தது. ஸ்மித்ஸ் நிறுவனத்தின் இந்த இரண்டு மானிகளும் பேட்டரியின் முழு மின்னழுத்தத்தில் இயங்குபவை அல்ல. இடையில் ஒரு சிறு பெட்டி மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பி, சராசரியாக 10 வோல்ட் ஆக்கித் தருகிறது. அந்தப் பெட்டி வேலை செய்ய அதன் உடலுக்கு எர்த் வேண்டும். எர்த் இல்லையென்றால் அது வெட்டாமல் முழு மின்சாரத்தையும் விட்டுவிடும், இரண்டு முட்களும் சேர்ந்து உயரும். என் வண்டியில் அது வேகமானியின் முதுகில் திருகப்பட்டிருக்கிறது. தகர டாஷ்போர்டாக இருந்தால் மானி தானாகவே எர்த் பெறும். மரம் மின்சாரத்தைக் கடத்தாது. வேகமானியின் பிடியில் மாட்ட வேண்டிய கறுப்புக் கம்பியின் வளையம் பச்சை பூத்திருந்ததை நான் துடைக்காமலே இறுக்கியிருந்தேன். உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து மாட்டியதும் முட்கள் இரண்டும் ஒழுங்குக்கு வந்தன. பலகையை முழுதாகத் திருகி இறுக்குவதற்கு முன்பே, அதை மடியில் வைத்தபடி ஒவ்வொரு விளக்கையும் மானியையும் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மாட்டுவதற்கு முந்தைய நாள் தந்தையார் பலகையைக் கேட்டு வாங்கி, கவிழ்த்து, பின்பக்கத்தைத் தடவினார். துளை ஒன்றின் உள்ளே விரலை விட்டு ஒரு சுற்று சுற்றினார். முன்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமலே என்னிடம் கொடுத்தார்.

அதன் பிறகு மூன்று கோடைகள் போய்விட்டன. ஒவ்வொரு ஏப்ரலிலும், மழைக்காலம் ஓய்ந்ததும், வேகமானியை மட்டும் கழற்றி அந்த வட்டத்தின் கீழ் விளிம்பை நகத்தால் நெருடிப் பார்க்கிறேன்; இதுவரை அது பிரியவில்லை. சாவிக்கொத்து ஆடி உரசும் இடத்தில் மட்டும் வார்னிஷ் மங்கியிருக்கிறது. ஜூலை வந்ததும் அந்த இடத்துக்கு இன்னும் இரண்டு பூச்சு கொடுக்க வேண்டும்.